உள்ளே வெளியே திரும்பும் குடல்

மொரப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்தக் காட்டில் நிலக்கடலை விளைகிறது. பேரனுக்கோ ஒரு கடலை உருண்டைகூட ஆகாது. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடுகிறதாம். "வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது? யாராவது பார்த்திருக்கிறார்களா?"

அலர்ஜி உள்ள பிள்ளைக்குக் கடலையைக் கொடுத்துவிட்டுக் குடலை எட்டிப் பார்க்க முடியாது. எலிக்குப் பெரும்பாலும் அந்த அலர்ஜியே தானாக வராது. வேறு பொருளைக் கலந்து ஊட்டி வரவழைக்க வேண்டும். ஆகவே மனிதக் குடலையே ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். 2009-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ எலிக்குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லை ஜெல்லில் பதித்துக் குட்டிக் குடலாக வளர்த்தார். இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். இன்று நோயாளியிடம் எடுத்த பயாப்சித் துணுக்கிலிருந்தே வளர்க்கலாம்.

என்னை மயக்கியது இதில் ஒரு கோளாறு. இந்தக் குடல் மூடிய உருண்டையாக வளர்கிறது. உணவு படவேண்டிய பக்கம், கொழுக்கட்டைக்குள் பூரணம்போல, உள்ளே அடைபட்டுவிடும். கடலைப் புரதத்தை வெளியே ஊற்றினால் அது குடலின் முதுகில்தான் படும். மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திச் செலுத்தினார்கள்; பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஜெல்லைக் கரைத்தெடுத்து உருண்டைகளைத் திரவத்தில் மிதக்கவிட்டார்கள். பற்றிக்கொள்ள ஜெல் இல்லாததால், சில நாட்களில் செல்கள் தாமாகவே உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டன!

ஆனால் இந்தக் குட்டிக் குடல் வெறும் சுவர்தான். அலர்ஜியின் வெடிமருந்து சுவருக்குப் பின்னால் இருக்கும் மாஸ்ட் செல்களில் இருக்கிறது. அவற்றின் மேல் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். செரித்தும் சிதையாத கடலைப் புரதம் சுவரைக் கடந்து அதைத் தொட்டதும் ஹிஸ்டமின் கொட்டும். தடிப்பும் வீக்கமும் அதன் வேலை. அதனால் குடல் செல்களைச் சவ்வின் மேல் பரப்பி, கீழே மாஸ்ட் செல்களை வைத்து, ஐஜிஈ உள்ள நோயாளியின் சீரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஹார்வர்டின் வைஸ் நிறுவனம் 2012-ல் காட்டிய சிலிக்கோன் ரப்பர் சில்லில் குடல் செல்கள் நிஜக் குடல்போலச் சுருங்கி விரியவும் செய்தன.

இந்தியாவில் 2023-ல் திருத்தப்பட்ட மருந்துப் பரிசோதனை விதிகள் விலங்குக்குப் பதிலாக இத்தகைய மாதிரிகளை ஏற்கின்றன. நல்ல விதி. எங்கோ விளையும் கடலையை வைத்தே எல்லாம் தெரிந்துகொள்ளாமல், நம் கடலையையும் நம் பிள்ளைகளின் செல்களையும் வைத்து நம் ஆய்வகங்கள் பார்க்க வேண்டும். வறுத்த கடலையைவிட வேகவைத்த கடலையில் ஐஜிஈ குறைவாகவே ஒட்டுகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. அதற்காக வேகவைத்தது ஆபத்தில்லை என்று வீட்டில் கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள்.

"கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்" என்பவர் ஊருக்கு ஒருவர் உண்டு. கடலை கலந்ததைச் சொல்லாமல் சட்னி பரிமாறும் கடைகளும் உண்டு. பாக்கெட் உணவில் நிலக்கடலை இருந்தால் உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். இட்லிக் கடையில் நாம்தான் கேட்க வேண்டும். அம்மா, உங்கள் பேரனை அலர்ஜி மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இரைத்தாலோ மயங்கினாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்; அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான்.