மின்விசிறியும் வீட்டுச் சிக்கனமும்

பகலெல்லாம் வயலில் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் விவசாயிக்கு இரவு உறக்கமே மறுநாள் உழைப்பிற்கு முதலாகும். கோடையில் அவ்வுறக்கத்தைத் தருவது பெரும்பாலும் மின்விசிறியே. ஒரு காலத்தில் செல்வந்தர் மாளிகைகளிலும் அலுவலகங்களிலும் மட்டுமே சுழன்ற விசிறி, இன்று எளியோர் இல்லங்களையும் எட்டியுள்ளது. 2011 ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றுடன் மேசை விசிறியும் குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. எனினும் விசிறியை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதை நம்மில் பலர் இன்னும் சரிவர அறிந்தோமில்லை.

சென்ற சித்திரையில் அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்திற்குச் சென்றிருந்தேன். அம்பத்தூர் நகராட்சிப் பகுதியாக இருந்த இவ்வூர், 2011 ஆம் ஆண்டு அந்நகராட்சியுடன் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. எங்கு நோக்கினும் கான்கிரீட் வீடுகள். முன்னாளில் பயிர்த்தொழில் செய்த முதியவர் ஒருவருடன் அவர் வீட்டு வாசலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆளில்லாத அறையில் விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

“ஐயா, உள்ளே யாரும் இல்லையே, விசிறி எதற்கு?” என்று கேட்டேன்.

“நாம் உள்ளே போகும்போது அறை குளிர்ந்திருக்க வேண்டாமா, தம்பி?” என்றார் அவர்.

இவ்வெண்ணம் அம்முதியவர் ஒருவருக்கே உரியதன்று. நமது கிராமங்களிலும் பலர் இவ்வாறே கருதுகின்றனர். ஆகவே இதனைச் சற்று விளக்குவது பயனுடையதாகும்.

விசிறி எதனைக் குளிர்விக்கிறது?

விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அறையிலுள்ள மனிதரையே குளிர்விக்கிறது. நமது உடல் எப்பொழுதும் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் தோலைச் சுற்றி வெதுவெதுப்பும் ஈரமும் கொண்ட காற்று ஒரு போர்வையைப் போல் படிந்து நிற்கிறது. விசிறியின் காற்று அப்போர்வையை விலக்குகிறது. வியர்வை விரைந்து உலர்கிறது. உலரும் வியர்வை உடலின் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. ஆளில்லாத அறையில் உலர வேண்டிய வியர்வை ஏது? அங்கே விசிறி சுழல்வதால் மின்சாரம் வீணாவதோடு, அதன் மோட்டார் வெளிவிடும் சிறு வெப்பமும் அறையிலேயே சேர்கிறது.

கணக்குப் பார்ப்போம்

பழைய வகைக் கூரை விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரு மாதங்களில் 54 யூனிட் செலவாகும். மூன்று விசிறிகள் உள்ள வீட்டில் இது 162 யூனிட். 2016 ஆம் ஆண்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட்டைக் கட்டணமின்றி அளிக்க அரசு ஆணையிட்டதை அனைவரும் அறிவர். விளக்கு, தொலைக்காட்சி எதையும் சேர்க்காமல், விசிறிகள் மட்டுமே அவ்வளவையும் கடந்துவிடுகின்றன!

அந்த 12 மணி நேரத்தில் 4 மணி நேரம் அறை காலியாக உள்ளது எனக் கொள்வோம். அந்நேரத்தில் விசிறிகளை நிறுத்தினாலே 54 யூனிட் மீதமாகும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

புதிய வகை விசிறி

இப்பொழுது பி.எல்.டி.சி. எனப்படும் விசிறிகள் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றின் சுழலும் பகுதியில் நிலையான காந்தங்கள் பொருத்தப்பட்டுள்ளமையால், அங்கே காந்த விசையை உண்டாக்குவதற்கெனத் தனியே மின்சாரம் செலவாவதில்லை. எனவே ஏறத்தாழ 30 வாட்டிலேயே அதே அளவு காற்றைத் தருகின்றன. மேற்கூறிய வீட்டில் மூன்று விசிறிகளையும் மாற்றி, காலி அறையில் நிறுத்தியும் வந்தால், 162 யூனிட் செலவு ஏறத்தாழ 43 யூனிட்டாகக் குறையும்.

இவற்றின் விலை சற்றுக் கூடுதலே. வாங்குமுன் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. விலை வேறுபாடு 1,200 ரூபாய் என்றும், யூனிட் ஒன்றுக்கு 5 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 12 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றில் இரு மாதங்களுக்கு 32 யூனிட் மிச்சமாகும். அதாவது 160 ரூபாய். எட்டு மின்கட்டணச் சீட்டுகளுக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆகவே அதிக நேரம் ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுவதே முறை.

2023 ஆம் ஆண்டு ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நட்சத்திரம் கூடக் கூட, அதே மின்சாரத்திற்குக் கிடைக்கும் காற்றும் கூடும். பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக்கி வீணாக்குகிறது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அவ்வளவு வீணாக்குவதில்லை. பி.எல்.டி.சி. விசிறியையோ பழைய ரெகுலேட்டருடன் இணைக்கலாகாது.

பொருத்தும் முறை

விசிறியின் இறக்கைகள் தரையிலிருந்து எட்டு அல்லது ஒன்பதடி உயரத்திலும், தளத்திலிருந்து ஓரடி தாழ்ந்தும் இருத்தல் நன்று. தளத்தோடு ஒட்டினால் மேலிருந்து காற்றை இழுக்க இடமிராது. இறக்கைகளில் படியும் தூசியை அவ்வப்போது துடைக்க வேண்டும். சுழற்சி மந்தமானால், பெரும்பாலும் கண்டென்சர் பழுதுற்றிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். புது வீட்டிற்குத் தளம் போடும்பொழுதே விசிறிக் கொக்கியைக் கம்பியுடன் பிணைத்துக் கான்கிரீட்டில் பதித்துவிட வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுவோர் இதனை மறத்தலாகாது.

கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெயிலை இரவில் வீட்டிற்குள் விடுகிறது. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் அவ்வெப்பம் குறையும். மாலையில் வெளிக்காற்று தணிந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால், உள்ளிருக்கும் சூடு வெளியேறும். விசிறியின் பயனும் பெருகும்.

ஓர் எச்சரிக்கை

அறையின் வெப்பம் 40 டிகிரியை எட்டும்பொழுது விசிறியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அவ்வேளையில் அது அனற்காற்றையே உடல்மீது வீசும். முதியோரையும் குழந்தைகளையும் நிழலான, குளிர்ந்த இடத்திற்கு அழைத்துச் சென்று, அடிக்கடி நீர் அருந்தச் செய்து, ஈரத்துணியால் உடலைத் துடைக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டில் நமது அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பது, இது உயிரைப் பற்றிய விஷயம் என்பதைக் காட்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் கிராமத்திலுள்ள பஞ்சாயத்து அலுவலகம், அங்கன்வாடி, நூலகம் ஆகியவற்றின் விசிறிகளைக் கணக்கெடுக்கலாம். பழுதானவற்றை மாற்றும்பொழுது மின்சாரம் குறைவாகக் கொள்ளும் விசிறிகளையே வாங்கத் தீர்மானிக்கலாம். அறையை விட்டு வெளியேறுமுன் விசையை நிறுத்தும் பழக்கம் முதலில் பொது அலுவலகத்தில் தோன்றினால், அது பின்னர் ஒவ்வொரு வீட்டிற்கும் பரவும்.

கள்ளிக்குப்பத்து முதியவர் என் விளக்கத்தைக் கேட்டதும் எழுந்து சென்று விசையை நிறுத்தினார். “இனி நான் இருக்கும் இடத்தில்தான் விசிறியும் இருக்கும்” என்றார். அவ்வொரு வாக்கியத்தை நினைவில் இருத்தினால், நமது உறக்கமும் நிலைக்கும். நமது பொருளும் நிலைக்கும்.