கை தூக்காத பிள்ளையின் பதிலும் பலகைக்கு வரட்டும்

ஆசிரியர் கேள்வி கேட்டதும் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஐந்தாறு கைகள் உயரும். பெரும்பாலும் தினமும் உயர்கின்ற அதே கைகள்தாம். மற்றவர்களுக்குப் பதில் தெரியாது என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. தவறாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் பலரைத் தடுக்கிறது. வீட்டில் உருதுவோ தெலுங்கோ பேசும் பிள்ளைக்குத் தமிழில் வாக்கியம் அமைக்கச் சற்று நேரம் தேவைப்படலாம். இந்தப் பிள்ளைகளுக்கு உதவக்கூடிய எளிய கருவிதான் இணைய ஒட்டுப்பலகை.

அலுவலகங்களில் மஞ்சள் நிறத்தில் சிறு ஒட்டுத்தாள்களைப் பார்த்திருப்போம். அவற்றை ஒட்டிய சுவர் ஒன்று செல்போன் திரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'பேட்லெட்' இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. ஆசிரியர் ஒரு பலகையை உருவாக்கி அதன் இணைப்பையோ கியூ.ஆர். குறியீட்டையோ பகிர்வார். மாணவர்கள் தனிக் கணக்கு தொடங்காமலேயே அதில் எழுதலாம், படம் ஒட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து வரும் செய்திகள் முந்தையதை மேலே தள்ளிவிடும். பலகையிலோ நாற்பது பதில்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவற்றை இழுத்து வகைப்படுத்தவும் முடியும்.

சென்னைக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. 2003-ல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் எழுத இடம் இருந்தது. பின்னர் இம்முறை தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. ஆசிரியருக்கு மட்டுமே உரியதாக இருந்த பலகை பிள்ளைகளுக்கும் உரியதானது. ஒட்டுப்பலகை அதன் இன்றைய வடிவம்.

மணலி புதுநகரில் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். கேள்வி: "நம் ஊருக்குள் வெள்ளம் ஏன் வருகிறது?" 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை இங்குள்ள குடும்பங்கள் மறக்கவில்லை. முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பு எழுதட்டும். "பூண்டி ஏரியைத் திறந்துவிட்டார்கள்", "கொசஸ்தலை ஆறு நிரம்பியது", "மழைநீர் வடிய வழியில்லை", "தண்ணீரில் எண்ணெய் மிதந்தது" எனப் பலவிதமாக வரும். அடுத்து, மழை, ஆறு, வடிகால், தொழிற்சாலை என நான்கு பத்திகளாக அவற்றை மாணவர்களே பிரிக்கட்டும். பூண்டியில் திறக்கும் நீர் கொசஸ்தலையில் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது என்பதை ஆசிரியர் வரைபடத்தில் காட்டினால், பிள்ளைகளின் வீட்டு அனுபவமே புவியியல் பாடமாகிவிடும்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. பல வீடுகளில் ஒரே ஒரு செல்போன்தான். அதுவும் ஷிப்ட் வேலைக்குப் போகும் தந்தையின் கையில் இருக்கும். ஆகவே இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் இல்லாத பிள்ளை மேலும் பின்தங்குவான். வகுப்பிலேயே செய்வதுதான் நியாயம். நான்கு பேருக்கு ஒரு கருவி போதும். அதுவும் இல்லையென்றால் துண்டுத்தாளில் எழுதிச் சார்ட்டில் ஒட்டச் செய்து, ஆசிரியர் தம் செல்போனில் படமெடுத்து வைக்கலாம். மாலை நேர மக்தபுகளுக்கும் இந்த முறை பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை நான்கு:

1. ஆசிரியர் அனுமதித்த பிறகே குறிப்பு தோன்றும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கேலியும் வசையும் பலகைக்கு வராது.

2. பெயருக்குப் பதில் வரிசை எண் எழுதச் சொல்லுங்கள். கூச்சமுள்ள பிள்ளை துணிந்து எழுதும். யார் எழுதியது என்பதும் ஆசிரியருக்குத் தெரியும்.

3. பிள்ளைகளின் புகைப்படம், முகவரி, செல்போன் எண் வேண்டாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது.

4. முடிந்த பலகையைப் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகள் நம்பியிருந்த கூகுளின் 'ஜாம்போர்டு' 2024 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டது. இலவசக் கருவி என்றும் நிலைக்கும் என எண்ண வேண்டாம்.

பலகை நிறைந்துவிட்டது என்பதற்காகப் பாடம் முடிந்துவிடவில்லை. வந்த பதில்களை ஆசிரியர் ஒவ்வொன்றாக வாசித்து, தவறானதையும் ஏன் தவறு என்று அன்போடு விளக்க வேண்டும். தான் எழுதியதை ஆசிரியர் வாசித்தார் என்று அறிந்த பிள்ளை அடுத்த முறை சற்று நீளமாக எழுதும். ஒருநாள் கையும் தூக்கும்.