மூட்டை கை மாறிய ஊர் மேட்டுப்பாளையம்

'ஊட்டிக் கிழங்கு இருக்கிறதா?' என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் நம் கடைகளுக்கு இன்றும் வருகிறார்கள். கிழங்கு விளைவது மேலே நீலகிரியில். ஆனால் நாம் கொள்முதல் செய்வது கீழே, பவானி ஆற்றங்கரையில் உள்ள மேட்டுப்பாளையம் மண்டியில். விளைகிற இடத்தை விட்டு மலையடிவாரத்தில் ஏன் மண்டி அமைந்தது? இதற்கான விடையின் பெரும்பகுதி அந்த ஊர் ரயில் நிலையத்தில் இருக்கிறது.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873ல் அகலப்பாதை ரயில் வந்தது. அதற்கு மேல் செங்குத்தான மலை. ஆகவே அடுத்த 26 ஆண்டுகள் ரயிலில் வந்த ஆளும் சரக்கும் இங்கே இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் மலை ஏற வேண்டியிருந்தது. வண்டி மாறும் இடத்தில் சத்திரம் வேண்டும், கிட்டங்கி வேண்டும், சுமை கூலியாட்கள் வேண்டும், பணம் புரட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். ஊர் அப்படித்தான் வளர்ந்தது.

மலைக்கு ரயில் விடும் யோசனையை 1882ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிக்கன்பாக் கொடுத்தார். 1891ல் வேலை தொடங்கியது. ஆனால் எடுத்து நடத்திய கம்பெனி முதல் போதாமல் 1894ல் நொடித்துவிட்டது. 1896ல் வேறு கம்பெனி அமைந்து வேலையைத் தொடர்ந்தது. 1899 ஜூன் மாதம் குன்னூர் வரையிலும், 1908ல் ஊட்டி வரையிலும் வண்டி ஓடியது. முதல் போட்டவர் கைவிட்ட காரியத்தை அடுத்து வந்தவர் முடித்த கதை நமக்குப் புதிதல்ல.

மலைப்பாதையின் நீளம் சுமார் 46 கிலோமீட்டர். அதில் 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை தொடங்குகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்வியபடி ஏறும். பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓர் அடி உயரும் அளவுக்கு அங்கே ஏற்றம். இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். மலை ரயில் மீட்டர் பாதை. கோவையிலிருந்து வருவது அகலப்பாதை. ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. மலையிலிருந்து ரயிலில் இறங்கிய ஒவ்வொரு மூட்டையையும் மேட்டுப்பாளையத்தில் இறக்கி, வேறு வண்டியில் ஏற்றியாக வேண்டும். இறக்கிய மூட்டையைத் தரம் பிரிக்கலாம், எடை போடலாம், விலை பேசலாம். சரக்கு எங்கே நின்று கை மாறுகிறதோ அங்கே சந்தை உண்டாகும். பிறகு லாரிகள் வந்து ரயில் சரக்கை எடுத்துக்கொண்டன. ஆனாலும் வாங்குபவரும் விற்பவரும் கூடிப் பழகிய இடம் மாறவில்லை. இன்று கோலார், குஜராத் கிழங்குகூட இந்த மண்டிக்கு வந்து ஏலம் போகிறது.

கொள்முதலுக்குப் போகும் நண்பர்கள் ஏலம் முடிந்ததும் அப்படியே திரும்பிவிடாமல் ரயில் நிலையத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். இரண்டு பாதைகளும் அருகருகே வந்து முடிவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். நிலைய வளாகத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பவானிப் பாலத்தையும் பார்க்கலாம். 2005ல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குன்னூர் வரை இன்றும் நீராவி இன்ஜின்தான். திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இதற்குப் புதிய இன்ஜின்கள் செய்திருக்கிறார்கள்.

இன்ஜினைக் காப்பாற்ற அரசு இருக்கிறது. அந்த ரயில் சுமந்த சரக்கின் கதையைக் காப்பாற்றுவது யார்? எந்த ஆண்டு எத்தனை மூட்டை வந்தது, என்ன விலைக்குப் போனது, யாருக்குக் கடன் கொடுத்தோம் என்பதெல்லாம் பழைய பேரேடுகளிலும் ரயில்வே ரசீதுகளிலும் உள்ளன. வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறோம். கிலோவுக்குச் சில ரூபாய் கிடைக்கிறது. ஓர் ஊரின் வியாபாரச் சரித்திரம் போய்விடுகிறது.

மேட்டுப்பாளையத்துக்கு மட்டுமல்ல, ரயிலால் வளர்ந்த எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் தகப்பனார் காலத்துப் பேரேடு, படிக்கல், தராசு, பெயர்ப்பலகை எதுவானாலும் எறிய வேண்டாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் கட்டடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து, கொடுத்த கடையின் பெயரையும் ஆண்டையும் எழுதி அடுக்கட்டும். பெரிய செலவில்லை. நம் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனாலும், எந்த மூட்டையில் தங்கள் குடும்பம் நிமிர்ந்தது என்று தெரிந்துகொள்வார்கள்.