ஆஸ்திரிய ஒயின்: நாக்கு எதைத் தேட வேண்டும்?

ஆஸ்திரிய ஒயின் என்றால் பலரும் வெள்ளை ஒயினைத்தான் நினைப்பார்கள். ஆனால் நாட்டின் கிழக்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய பர்கன்லாந்து மாநிலத்தில் நல்ல சிவப்பு ஒயினும், உணவுக்குப் பின் சிறு கோப்பையில் பருகும் இனிப்பு ஒயினும் தயாராகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தெரியும். ஆனால் மதிப்பிட உட்காரும்போது இரண்டிலும் முதலில் தேட வேண்டியது புளிப்பைத்தான்.

சிவப்பில் அங்கே முதன்மையான திராட்சை ப்ளாவ்ஃப்ராங்கிஷ். மிட்டல்பர்கன்லாந்தின் களிமண்ணில் விளைந்தால் ஒயின் கருத்து, கனத்து நிற்கும். தெற்கே ஐசன்பெர்க் குன்றின் இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் விளைந்தால் மெலிந்து, மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள்: ஊதா படர்ந்திருந்தால் இளம் ஒயின், செங்கல் நிறம் ஏறியிருந்தால் வயதானது. கோப்பையைச் சுழற்றும் முன் ஒரு முறை, சுழற்றிய பின் ஒரு முறை முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெடுத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ருசி பார்க்க ஒன்றுமில்லை.

வாயில் ஒரு மிடறு எடுத்துச் சில நொடிகள் வைத்திருங்கள். ஈறைப் பிடித்து இழுப்பது துவர்ப்பு. அது நாவல்பழம் தின்றதுபோல நாக்கைச் சொரசொரப்பாக்கும். நாக்கடியில் எச்சில் ஊறவைப்பது புளிப்பு. நல்ல ப்ளாவ்ஃப்ராங்கிஷில் எச்சில் ஊறுவது நிற்கவே நிற்காது. பதினாறு டிகிரி அளவில் குளிர்ந்திருந்தால் போதும். வெதுவெதுப்பாகக் குடித்தால் சாராய நெடி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ட்ஸ்வைகெல்ட் இதைவிட மென்மையானது, செர்ரிப்பழ வாசம் கொண்டது. பெரும்பாலும் இளமையிலேயே குடித்துவிடலாம். 1922இல் க்ளோஸ்டர்நோய்பர்கில் ஃப்ரிட்ஸ் ட்ஸ்வைகெல்ட் என்பவர் ப்ளாவ்ஃப்ராங்கிஷையும் சாங்க்ட் லாரண்டையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய திராட்சை இது. அவர் நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதால் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்ற குரல் ஆஸ்திரியாவிலேயே எழுந்திருக்கிறது. கோப்பையில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டே குடிக்கலாம்.

இனிப்பு ஒயினின் கதை நோய்சீட்லர் ஏரியில் தொடங்குகிறது. பரந்த ஏரி, ஆனால் ஆழம் இரண்டு மீட்டர்கூட இல்லை. இலையுதிர் காலத்தில் அதிலிருந்து எழும் மூடுபனி காலையில் தோட்டங்களை மூடும். பிற்பகல் வெயில் அதை உலர்த்தும். இந்த ஈரமும் வெயிலும் மாறிமாறி வருவதில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலில் பிடித்துத் துளையிடுகிறது. தண்ணீர் வெளியேற, சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. சுருங்கிப்போன பழங்களைக் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். ஏரிக்கரையில் உள்ள ரூஸ்ட் என்ற சிற்றூர் 1681இல் பேரரசர் முதலாம் லியோபோல்டிடம் சுதந்திர நகர உரிமையை வாங்கியபோது, பொற்காசுகளோடு இந்த ஒயினையும் விலையாகக் கொடுத்தது.

பிழிந்த சாறு நூறு கிலோவில் ஏறக்குறைய எத்தனை கிலோ சர்க்கரை என்பதுதான் அங்கே தர அளவுகோல். லேபிளில் பீரனவுஸ்லேசெ என்ற தரப்பெயரை எழுத 25 வேண்டும். ட்ரோக்கன்பீரனவுஸ்லேசெ என்றால் 30. ஐஸ்வைனுக்கும் 25தான். ஆனால் அதன் பழம் கொடியிலேயே மைனஸ் ஏழு டிகிரிக்கோ அதற்குக் கீழோ உறைந்திருக்க வேண்டும். பூஞ்சையின் தேன்வாசம் அதில் இராது. பழவாசமும் கூரிய புளிப்புமே இருக்கும்.

பூஞ்சை பிடித்த ஒயினில் உலர்ந்த ஆப்ரிகாட், தேன், ஆரஞ்சுத் தோல் வாசங்கள் வரும். நகப்பூச்சு வாடை லேசாக இருந்தால் குற்றமில்லை, முந்திக்கொண்டு வந்தால் குறை. கோப்பைச் சுவரில் வழியும் தடித்த சொட்டுகளைப் பார்த்து மயங்க வேண்டாம், அவை தரத்தைச் சொல்லா. விழுங்கிய பின் நாக்கு பிசுபிசுப்பின்றி, அடுத்த மிடறுக்குத் தயாராக இருக்கிறதா? இருந்தால் சர்க்கரைக்கு ஈடான புளிப்பு இருக்கிறது. திகட்டினால் இல்லை.

இனிப்பையும் கனத்தையும் மட்டும் நம்பினால் ஏமாறுவது எளிது. 1985இல் வெடித்த ஊழல் அதைத்தான் காட்டியது. நீர்த்த ஒயினைச் செறிவானதுபோலக் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சிலர் கலந்திருந்தார்கள். ஏற்றுமதி சரிந்தது, அதே ஆண்டு கடுமையான புதிய ஒயின் சட்டம் வந்தது. இன்று தர ஒயின் என்று விற்க வேண்டுமானால் ஆய்வகச் சோதனையோடு ருசிச் சோதனையிலும் தேறி அரசு எண் பெற வேண்டும். லேபிளில் அந்த எண்ணையும், மூடியில் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டையையும் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே அமர்வில் ருசிப்பதானால் சிவப்பு முதலில். இனிப்பு ஒயினைப் பத்து டிகிரி அளவுக்குக் குளிரவைத்துக் கடைசியில் எடுங்கள், கூடவே உப்புத் தூக்கலான நீலப்பூஞ்சைச் சீஸ் ஒரு துண்டு. மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். சிவப்பு அவ்வளவு தாங்காது.