கட்டபொம்மனின் அரசியல் வாழ்க்கை

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், 30 கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவில், கயத்தாறு என்னும் ஊர் உள்ளது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் பார்வைக்கு எளிய ஊரே. எனினும் தமிழக வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மன் இவ்வூரிலே ஒரு புளிய மரத்தில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் 59 நாள் கழித்து, டிசம்பர் 14ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் தம் இல்லத்தில் நோயுற்று மறைந்தார்.

இவ்விருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் இருவருடைய அரசியல் வாழ்க்கையையும் பிணைக்கின்ற வினா ஒன்று உண்டு. ஒரு நாட்டில் வரி கேட்கும் உரிமை யாருக்கு உரியது என்பதே அவ்வினா. இருவரையும் பிணைக்கும் மனிதர் ஒருவரும் உண்டு. 1781ஆம் ஆண்டு யார்க்டவுன் என்னுமிடத்தில் வாஷிங்டனிடம் தோற்றுப் படையை ஒப்படைத்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், 1786ஆம் ஆண்டில் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். அவர் ஆட்சியில் 1792ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையே, பாஞ்சாலங்குறிச்சியின் தலைவிதியை மாற்றியது.

அதனை விளங்கிக்கொள்ளப் பாளையம் என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். மதுரை நாயக்கர் ஆட்சியின் தொடக்கத்தில், விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினார், வழக்குத் தீர்த்தார், படை வைத்திருந்தார், ஊர்களையும் வழிகளையும் காத்து அதற்குக் காவற் கூலி பெற்றார். மேலிருந்த அரசுக்குத் திறை செலுத்துவதும், போர்க்காலத்தில் படை அனுப்புவதும் அவர் கடமை. ஆகவே அவர் முழு அரசரும் அல்லர்; வெறும் வரிவசூல் அலுவலரும் அல்லர். இரண்டுக்கும் இடைப்பட்ட இந்நிலையே பின்னர்ப் பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று.

நாயக்கர் ஆட்சி மறைந்தபின் ஆர்க்காட்டு நவாபு இத்திறையைத் தமக்கு உரியதெனக் கொண்டார். அவரோ தம் போர்களுக்காகக் கும்பெனியாரிடம் கடன்மேற் கடன் வாங்கியவர். கடனை அடைக்க வழியின்றி, வரி வாங்கும் உரிமையையே கொடுத்தார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் திறை பெறும் உரிமை கும்பெனியார் கைக்குச் சென்றது. கடன் பட்டவர் நவாபு; கடன் கொடுத்தவர் கும்பெனியார்; இடையில் கைம்மாறியதோ தென்பாண்டி நாட்டு உழவன் விளைத்த பொருள். இது குறித்துப் பாளையக்காரரை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. தங்களுக்கு இடமில்லாத இலண்டன் மாமன்றம் தங்கள்மீது வரி விதித்தல் முறையன்று என்று அமெரிக்கக் குடியேற்ற நாட்டினர் வாதிட்டதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

1760ஆம் ஆண்டு பிறந்த கட்டபொம்மன், தந்தையார் ஜகவீரக் கட்டபொம்மனுக்குப்பின் 1790ஆம் ஆண்டு பிப்ரவரியில் பட்டம் ஏற்றார். வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்று அப்போது ஓராண்டும் நிறையவில்லை. திரைப்படத்தையும் நாடகத்தையும் கண்டு பழகிய நாம், கட்டபொம்மன் தொடக்கமுதலே வாளை உருவி நின்றவர் என்று எண்ணுகிறோம். வரலாறு காட்டும் கட்டபொம்மன் வேறு. பேசிப் பார்த்தவர், நடந்து பார்த்தவர், முறையிட்டுப் பார்த்தவர், இறுதியிலேயே போருக்கு நின்றவர்.

1798ஆம் ஆண்டு மே மாத முடிவில் பாஞ்சாலங்குறிச்சியின் திறைப்பாக்கி 3,310 வராகன் என்று கும்பெனியார் கணக்கிட்டனர். கலெக்டர் ஜாக்சன் என்பவர் கட்டபொம்மனை இராமநாதபுரத்தில் வந்து காணுமாறு ஆகஸ்டு 18ஆம் நாள் ஓலை விடுத்தார். கட்டபொம்மன் புறப்பட்டார். ஆனால் கலெக்டரோ குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி என ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். பின்தொடர்ந்து சென்ற பாளையக்காரரைக் காண மறுத்து, இராமநாதபுரத்திலேயே பேட்டி என்று கூறிவிட்டார். 23 நாள், ஏறத்தாழ 400 மைல் அலைந்தபின், செப்டம்பரில் அங்கே பேட்டி கிடைத்தது. அவரை இருக்கச் சொல்லாமல் மூன்று மணி நேரம் நிற்கவைத்து விசாரித்தனர். கணக்கைப் பார்த்தபோது பாக்கி 1,080 வராகனாகக் குறைந்திருந்தது. பெரும்பகுதி முன்னரே செலுத்தப்பட்டிருந்தது.

அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய செய்தி அது. ஆனால் கட்டபொம்மனைக் கோட்டைக்குள்ளேயே சிறைப்படுத்த முயன்றனர். கைகலப்பு மூண்டது. கிளார்க் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் வாயிலில் மாண்டார். தம்பி ஊமைத்துரை முதலியோர் துணையால் கட்டபொம்மன் தப்பினார். அமைச்சரான தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதன்பின் கட்டபொம்மன் செய்த செயலே அவருடைய அரசியல் அறிவை நன்கு காட்டுவது. படை திரட்டி அவர் உடனே போருக்கு எழவில்லை. சென்னையிலிருந்த ஆளுநர் அவைக்கு முறையீடு அனுப்பினார். அவையும் அதை ஏற்று மூவர் குழுவை அமைத்தது. கட்டபொம்மன் அக்குழுவின்முன் டிசம்பரில் நேரில் தோன்றித் தம் வழக்கை எடுத்துரைத்தார். குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. தானாபதி விடுதலை பெற்றார். ஜாக்சன் பதவி இழந்தார். லூஷிங்டன் அவ்விடத்துக்கு வந்தார். கும்பெனியாரின் சட்டத்தைக் கொண்டே கும்பெனியாரின் கலெக்டரை வென்ற பாளையக்காரரை அக்காலத்தில் காண்பது அரிது.

ஆயின் ஓராண்டுக்குள் அவ்வெற்றி பயனற்றுப் போயிற்று. காரணம் இருபுறத்தும் உண்டு. கட்டபொம்மன் சிவகங்கையின் மருது சகோதரர்களோடு உறவு பூண்டார். சிவகிரிப் பாளையக்காரருக்கு எதிராக அவர் மகனுக்குத் துணைநின்று படை அனுப்பினார். எட்டயபுரத்தாரோடு எல்லைப் பூசலும் இருந்தது. அண்டைப் பாளையங்களில் அவர் ஆட்கள் செய்த அத்துமீறல்கள் குறித்த புகார்களும் கும்பெனி ஏடுகளில் உள்ளன. அவற்றுள் எவ்வளவு உண்மை, எவ்வளவு பகைவர் கூற்று என்பது ஆய்ந்து கொள்ளத்தக்கது. ஒருவரைப் போற்றுவதற்காக அவர்மீதுள்ள குறைகளை மறைப்பது வரலாறு ஆகாது.

மறுபுறத்தில், 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். மைசூர்ப் போரில் முனைந்திருந்த கும்பெனிப் படைகளுக்கு ஓய்வு கிட்டியது. மைசூர் அச்சம் இருந்தவரை தெற்கே பொறுமை காட்ட வேண்டியிருந்தது; அது நீங்கியதும் பொறுமையும் நீங்கிற்று.

மேஜர் பானர்மன் பெரும்படையோடு வந்தார். செப்டம்பர் 4ஆம் நாள் பாளையங்கோட்டையில் வந்து காணுமாறு கட்டளையிட்டார். இராமநாதபுரத்துப் பேட்டியை மறவாத கட்டபொம்மன் செல்லவில்லை. மறுநாள் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மண்ணால் ஆன அக்கோட்டை முதல் தாக்குதலைத் தடுத்து நின்றது. ஆயினும் மேலும் பீரங்கி வருவதறிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு நீங்கினார். தானாபதி பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைப் பகுதியில் மறைந்திருந்த கட்டபொம்மனைத் தொண்டைமான் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார்.

இனிக் கயத்தாற்றுக்கு வருவோம். அக்டோபர் 16ஆம் நாள் பாளையக்காரர் பலரையும் அங்கே வரவழைத்து அமரவைத்தனர். அவர்கள் காணக் கட்டபொம்மன் நிறுத்தப்பட்டார். திறை பாக்கி, அழைத்தபோது வாராமை, சிவகிரிக்குப் படை அனுப்பியமை, கும்பெனிப் படையை எதிர்த்தமை என்பன குற்றங்கள். வழக்குரைஞர் இல்லை, நடுவர் குழுவும் இல்லை. குற்றம் சாட்டியவரும் தீர்ப்பளித்தவரும் பானர்மன் ஒருவரே. கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை, உயிருக்காக இரக்கவுமில்லை. அவர் அச்சமின்றி நின்றதையும், எட்டயபுரத்தாரை இகழ்ச்சியோடு நோக்கியதையும், கோட்டையை விட்டு வந்தமைக்கு வருந்தியதையும், தூக்கிலிட்ட பானர்மனே மறுநாள் சென்னைக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். பகைவர் கூறும் சான்றாதலின் இது மிக்க வலிமை உடையது.

மாணவர்கள் இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1798ஆம் ஆண்டு டிசம்பரில் இருபுறமும் கேட்டுக் கட்டபொம்மனை விடுவித்ததும் கும்பெனி அரசே. 1799ஆம் ஆண்டு அக்டோபரில் கேளாமலே கொன்றதும் அதே அரசே. இடையில் சட்டம் மாறவில்லை. வலிமையின் அளவே மாறியது. தன்னினும் மேலான ஒரு மன்றத்துக்கு விடை கூற வேண்டாத ஆட்சியிடம் நீதி என்பது உரிமையாக நில்லாது; வேண்டும்போது வழங்கி, வேண்டாதபோது நிறுத்தும் சலுகையாகவே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளும் தம்முள் ஒற்றுமையுடன் தொடங்கியவை அல்ல. ஆயினும் 1774ஆம் ஆண்டு அவற்றின் பேராளர்கள் பிலடெல்பியாவில் கூடிப் பொதுவாகப் பேசினார்கள். பின்னர் பிரெஞ்சு நாட்டின் துணையும் அவர்களுக்குக் கிடைத்தது. தென்பாண்டிப் பாளையங்களுக்கு அத்தகைய பொது அவை இல்லை. கிழக்கே நாயக்கர் பாளையங்களும் மேற்கே மறவர் பாளையங்களும் தனித்தனியே கும்பெனியாரோடு பேசின. கயத்தாற்றில் அவர்கள் ஒருங்கே கூடியபோது அக்கூட்டத்தைக் கூட்டியவர் பானர்மன். அவர்களுக்கு அங்கே இருந்த வேலை வாய்மூடி நோக்குவது ஒன்றே. அமெரிக்க விடுதலையில் அடிமைகளுக்குப் பங்கில்லை. பாளைய ஆட்சியில் எளிய குடிகளுக்குக் குரல் இல்லை. இக்குறைகளையும் நாம் மறத்தலாகாது.

கட்டபொம்மனோடு போர் முடியவில்லை. 1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார். தூத்துக்குடியும் சிலகாலம் அவர் பக்கத்தார் கைப்பட்டது. மே மாதம் கோட்டை வீழ்ந்தது; நவம்பரில் ஊமைத்துரையும் மரண தண்டனைக்கு உள்ளானார். அவ்வாண்டே கர்நாடகப் பகுதி முழுவதும் கும்பெனி ஆட்சிக்குள் வந்தது. பாளையங்கள் படையும் கோட்டையும் இழந்து ஜமீன்களாயின.

வாஷிங்டன் பெயரால் ஒரு தலைநகரம் எழுந்தது. கட்டபொம்மனின் கோட்டையோ தரைமட்டமாக்கப்பட்டது. ஆயினும் ஊரார் பாடிய கதைப்பாடல்களில் அவர் பெயர் வாழ்ந்தது. 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுப்பியது. கயத்தாற்றிலும் அவர் சிலை நிற்கின்றது. அவ்வழியே செல்லும் மாணவர்கள் சற்றே இறங்கி அதனைக் காண்க. கண்டு, அவர் எவ்வாறு இறந்தார் என்பதோடு, இறப்பதற்குமுன் எத்தனை வழிகளில் நீதியைத் தேடினார் என்பதையும் நினைவிற்கொள்க.