உங்களுக்குத் தெரியுமா? குழம்பு மஞ்சள் வேறு, மாத்திரை மஞ்சள் வேறு
2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் மண்ணில், தலைமுறைகளாகக் குழம்பில் போடுவது என்ன கெடுதல் செய்துவிடும் என்று கேட்பது நியாயமே. குழம்பில் விழுவது ஒரு சிட்டிகை. அதில் மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் சில விழுக்காடுதான், உடலில் சேர்வதும் சொற்பம். மாத்திரையிலோ அது செறிவாக இருக்கிறது. உடல் நன்றாக உறிஞ்ச மிளகுச் சத்தும் பல நேரம் கூடவே வருகிறது. நியூசிலாந்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 10-ஐத் தாண்டியதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. இம்மருந்து எடுக்கும் பலருக்கும் இலக்கே 2 முதல் 3 வரைதான்! ஒருவருக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேராதுதான். ஆனால் இங்கே ஆபத்து, நிற்காத ரத்தக்கசிவு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும், இதய வால்வு மாற்றியவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் மருத்துவரிடம் மருந்துச் சீட்டோடு மஞ்சள் மாத்திரை டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.