சித்திரக்கதை ஓவியரும் திரைப்பேனாவும்

சித்திரக்கதை ஓவியரின் வேலை கோடு போடுவதில் தொடங்குவதில்லை. கதையைக் கட்டங்களாகப் பிரித்து, யார் எங்கே நிற்பது, காட்சியை எந்த உயரத்திலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்வதே முதல் வேலை. அந்தத் திறமைக்குத் தமிழில் முன்னுதாரணம் ‘சங்கர்’ என்ற கே.சி. சிவசங்கரன் (1924–2020). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமா இதழில் சேர்ந்த இவர், அங்கேயே ஏறத்தாழ 60 ஆண்டுகள் வரைந்தார். உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை இவர் வரைந்த உருவத்தில்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறைவுக்குப் பின், 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சங்கரின் தலைமுறைக்குத் தாளும் மையும்தான் கருவி. இன்றைய ஓவியரின் மேசையில் இருப்பது பென் டேப்லெட். அதன் பரப்புக்கு அடியில் கம்பி வலை ஒன்று மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அந்த அலையிலிருந்தே சக்தி பெற்றுப் பதில் அனுப்புகிறது. பல பேனாக்களுக்குப் பேட்டரி தேவைப்படாதது இதனால்தான். அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். மை தொட்ட தூரிகையின் குணமும் இதுவே. தூரிகை பிடித்துப் பழகிய கைக்குத் திரை அவ்வளவு அந்நியமில்லை.

பெரிய மாற்றம் லேயரில், அதாவது படத்தைப் பகுதி பகுதியாக ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளில், இருக்கிறது. திருத்தணியில் ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் மலையேறும் காட்சியை வரைவதாகக் கொள்வோம். வானமும் மலையும் அடி லேயர், அதன்மேல் 365 படிகள், பிறகு கூட்டம், எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்காவடி சுமப்பவரின் முகம். முகம் சரியில்லை என்றால் அதை மட்டும் அழிக்கலாம், படிகள் கெடாது. மைக்கோடு ஒரு லேயரிலும் வண்ணம் அதற்குக் கீழே இன்னொன்றிலும் இருப்பதால், பகல் காட்சியை இரவாக்கக் கோட்டைத் தொடவே வேண்டாம்.

வசனத்துக்கும் தனி லேயர் உண்டு. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அம்புலிமாமா. ஒரே படம் பல மொழிக்கு உதவும் என்பதை அது அப்போதே காட்டிவிட்டது. திருத்தணி போல இரு மொழியும் புழங்கும் எல்லைப் பகுதிக்கு ஒரு புத்தகம் போடுபவர், இன்று எழுத்து லேயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வசனப் பலூனுக்குத் தாராளமாக இடம் விடாத ஓவியர் பின்னால் யாருடைய தலையையாவது மறைக்க நேரும்.

அச்சுக்குப் போகும்போது கணக்கு மாறுகிறது. வண்ணப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். வெறும் கறுப்புக் கோட்டுக்கு 600-ஆவது வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது; அச்சகம் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. முருகனின் மயில் கழுத்துக்குத் திரையில் கிடைக்கும் பளீரென்ற நீலத்தை இந்த நான்கு மைகளால் எட்ட முடியாது. அதனால் அனுபவமுள்ளவர்கள் தொடக்கத்திலேயே அச்சு நிற முன்னோட்டத்தை வைத்துக்கொண்டு, நீலத்தைச் சுற்றியுள்ள நிறங்களை மங்கலாக்கி மயிலை எடுப்பாகக் காட்டுகிறார்கள்.